குற்றாலக் காற்றும் பெண் என்ஜினீயரும்

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல் தொடங்கி விடும். வெளியூர் மக்கள் பஸ்சிலும் ரெயிலிலும் காரிலும் வந்து குவிவார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து நிற்பார்கள். "என்ன சுகமான காற்று!" என்பார்கள்.

அந்தக் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது மின்சாரம் தயாரிக்கிறது!

குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வரும் அதே காற்றுதான், தென்காசிக்குக் கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் நிற்கும் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அருவியில் தண்ணீர் கொட்டும் மாதங்களில்தான் காற்றாலைகளிலும் மின்சாரம் கொட்டுகிறது.

காற்று இருக்கிறது. எந்திரம் இருக்கிறது. எந்திரத்தை நடத்த என்ஜினீயர் வேண்டும் அல்லவா? அந்த என்ஜினீயர் ஒரு பெண்ணாக இருக்கலாமா?

"இருக்கலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இருப்பவர்கள் சிலரே. இது ஏன்?

இன்று தென்காசி வட்டாரத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பெண் பிளஸ்-2 பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்குகிறாள். "எலக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் படிக்கிறேன்" என்கிறாள். தாயார் யோசிக்கிறாள். தகப்பனார், "அது ஆம்பிளைகள் வேலை அம்மா. கம்ப்யூட்டர் படி. நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்" என்கிறார்.

தகப்பனார் சொல்வது சரியா? அதைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

மலையில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடிய சுவர். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலில் இருந்து வந்து இந்தச் சுவரில் மோதுகிறது. மழையில் பெரும் பகுதியைக் கேரளத்திலேயே கொட்டி விடுகிறது.

ஆனால் இந்தச் சுவரில் சில இடங்களில் இடைவெளி உண்டு. அவைதான் கணவாய்கள். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய 4 கணவாய்களும் தமிழ்நாட்டின் காற்று வாசல்கள்.

அகலமான தெருவில் மெதுவாக வரும் காற்று, குறுகிய சந்தில் நுழைந்தால் வேகம் எடுக்கும். தென்காசி காசி விசுவநாதர் கோவிலின் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே வேட்டியையும் சேலையையும் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்! மலைக் கணவாயிலும் இதே கதைதான். கணவாயில் நுழையும் காற்று நெருக்கப்பட்டு, வேகம் கூடி, இந்தப் பக்கம் சமவெளியில் பாய்கிறது.

காற்றின் வேகத்தில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. வேகம் 2 மடங்கு ஆனால், அதில் உள்ள சக்தி 2 மடங்கு ஆவது இல்லை. 8 மடங்கு ஆகிறது! ஆகவேதான் கணவாய்க் காற்றுக்கு அத்தனை மதிப்பு.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைகள் 1986-ம் ஆண்டில் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுவப்பட்டன. அப்போது அது ஒரு சோதனை. பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று பரவியது. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிலையமே இருக்கிறது. 2024-ம் ஆண்டில் தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்த சக்தி 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டி இருந்தது. அந்த ஆண்டு இந்தியாவில் குஜராத் மட்டுமே தமிழ்நாட்டை முந்தியது.

மெகாவாட் என்றால் என்ன? ஆயிரம் கிலோவாட்டுதான் ஒரு மெகாவாட். 2 மெகாவாட் காற்றாலை ஒன்று, நல்ல காற்றில் முழு சக்தியோடு ஒரு மணி நேரம் சுற்றினால் 2 ஆயிரம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அந்தக் கணக்கில், 20 வீடுகளின் 2 மாத இலவச மின்சாரத்தை ஒரு எந்திரம் ஒரு மணி நேரத்தில் தந்து விடுகிறது.

என்ஜினீயருக்கு என்ன வேலை?

தூரத்தில் இருந்து பார்த்தால் காற்றாலை தானாகச் சுற்றுவது போல் தெரியும். கிட்டே போனால்தான் வேலை தெரியும்.

உச்சியில் ஒரு பெரிய பெட்டி இருக்கும். மெதுவாகச் சுற்றும் இறக்கையின் வேகத்தைக் கூட்டும் பல்சக்கரங்களும், மின்சாரம் உண்டாக்கும் ஜெனரேட்டரும் அதற்குள் இருக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ, அந்தப் பக்கம் அந்தப் பெட்டியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புயல் அடித்தால் இறக்கைகளை மடை மாற்றி எந்திரத்தை நிறுத்த வேண்டும். கீழே டிரான்ஸ்பார்மர். அதில் இருந்து கம்பி வழியாகத் துணை மின்நிலையம். அங்கிருந்து ஊருக்கு.

இதில் ஒவ்வொரு படியிலும் என்ஜினீயர் வேண்டும். எந்த இடத்தில் எந்திரத்தை நடுவது என்று காற்றை அளந்து சொல்ல ஒருவர். அஸ்திவாரம் போட ஒருவர். எந்திரம் பழுதானால் மேலே ஏறிப் பார்க்க ஒருவர். துணை மின்நிலையத்தில் இரவும் பகலும் ஒருவர். "நாளை இத்தனை மணிக்கு இத்தனை மின்சாரம் வரும்" என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்ல ஒருவர்.

கடைசி வேலை மிகவும் முக்கியம். காற்று, சொன்னபடி கேட்காது. காலையில் குறையும், மாலையில் கூடும். ஆனால் மின்சாரத்தை நெல் மாதிரி குதிரில் கொட்டி வைக்க முடியாது. பாட்டரிகளில் சேமிக்கலாம், அதற்குச் செலவு அதிகம். உண்டாகும் போதே செலவாக வேண்டும். எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கணக்குப் பார்த்து ஈடுகட்டுவது பெரிய கலை.

இந்த வேலைகளில் எதற்கு மீசை வேண்டும்? எதற்கும் வேண்டாம்!

ஆனால் உலகக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. காற்று, சூரிய ஒளி போன்ற புதிய எரிசக்தித் தொழில்களில் வேலை பார்ப்பவர்களில் 100-க்கு 32 பேர் பெண்கள். எண்ணெய், எரிவாயுத் தொழிலில் 22 பேர். 2020-ல் காற்றாலைத் தொழிலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தது. அதில் 100-க்கு 21 பேர்தான் பெண்கள்!

இது உலகக் கணக்கு. பணக்கார நாடுகளும் இதில் அடக்கம். அங்கேயும் பெண்கள் 5-ல் ஒரு பங்குதான் என்றால், இது தென்காசியின் பிரச்சினை மட்டும் அல்ல என்பது விளங்கும்.

முதல் பெண்

இந்தியாவில் மின்சார என்ஜினீயர் பட்டம் பெற்ற முதல் பெண் யார் தெரியுமா? சென்னையில் பிறந்தவர். சென்னையில் படித்தவர். அவர் பெயர் லலிதா. முழுப்பெயர் அய்யலசோமயாஜுல லலிதா.

1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி ஒரு நடுத்தரத் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் 7 குழந்தைகள். அவர் 5-வது. அந்தக் கால வழக்கப்படி 15 வயதில் கல்யாணம். 1937-ல் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு 4 மாதம் ஆன போது கணவர் இறந்து போனார். அப்போது லலிதாவுக்கு வயது 18.

கைக்குழந்தையோடு 18 வயது விதவை! அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன கதி என்பதைப் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

லலிதாவின் தகப்பனார் பப்பு சுப்பாராவ், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பிரிவுப் பேராசிரியர். அவர் மகளை மூலையில் உட்கார விடவில்லை. படிக்க வைத்தார். ராணி மேரி கல்லூரியில் லலிதா இன்டர்மீடியட் முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்குக் கவுரவமான வேலை என்றால் டாக்டர் வேலை. ஆனால் டாக்டரை நடுராத்திரியிலும் கூப்பிடுவார்கள். குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அது லலிதாவுக்குப் பிடிக்கவில்லை என்று குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். வீட்டிலேயே தகப்பனாரும் சகோதரர்களும் என்ஜினீயர்கள். "நானும் என்ஜினீயர் ஆகிறேன்" என்றார்.

கிண்டியில் அதுவரை பெண்கள் படித்தது இல்லை. தகப்பனார் கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். கல்வி இலாகா டைரக்டர் ஸ்டாத்தமின் அனுமதியையும் பெற்றார். லலிதா சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்!

வகுப்பில் யாரும் அவருக்குத் தொல்லை கொடுக்கவில்லை. ஆனால் விடுதியில் தனிமை. தகப்பனார் யோசித்தார். "இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாமே!" என்று யோசனை சொன்னார். கல்லூரி விளம்பரம் செய்தது. மறு ஆண்டில் கேரளத்தில் இருந்து லீலாம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற 2 பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள்.

லலிதா 1943-ல் படிப்பை முடித்தார். ஜமால்பூர் ரெயில்வே தொழிற்சாலையில் பயிற்சியும் பெற்றார். பட்டம் வழங்கும் நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சர்டிபிகேட்டில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகி இருந்தது. பெண் ஒருத்தி வருவாள் என்று அச்சடித்தவர்கள் நினைக்கவே இல்லை! அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டில், 1944-ல், நெல்லைச் சீமையின் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

பக்ரா அணையில் தமிழ்நாட்டுப் படிப்பு

லலிதாவுக்கு முதல் உத்தியோகம் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அலுவலகத்தில் கிடைத்தது. பிறகு சில மாதம் தகப்பனாரின் ஆராய்ச்சிக்கு உதவினார். 1948-ல் கல்கத்தா சென்று, அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

மின்சாரத்தை வெகுதூரம் கொண்டு போகும் கம்பி வழிகளையும், துணை மின்நிலையங்களின் அமைப்பையும், ஆபத்து நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவிகளையும் வகுத்துக் கொடுப்பது அவர் வேலை. சட்லெஜ் நதியில் கட்டப்பட்ட பக்ரா அணையின் ஜெனரேட்டர்கள் சம்பந்தமான வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. 740 அடி உயரமுள்ள அந்த அணையைப் பிரதமர் நேரு 1963-ல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

1964-ல் நியூயார்க் நகரில் பெண் என்ஜினீயர்கள், பெண் விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. லலிதா அங்கே போய் வந்தார். அதே 1964-ல்தான் குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கியது. 1966-ல் லண்டன் மின்சார என்ஜினீயர்கள் சங்கம் லலிதாவை முழு உறுப்பினர் ஆக்கியது. 1977-ல் ஓய்வு பெற்றார். 1979 அக்டோபர் 12-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 60.

லலிதாவோடு படித்த திரேசியா, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை என்ஜினீயர் ஆனார்.

கவனிக்க வேண்டியது

இந்தக் கதையைக் கேட்டு, "ஆகா, எவ்வளவு கெட்டிக்காரப் பெண்!" என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது. அதற்குள் இருக்கும் உண்மையைக் கவனிக்க வேண்டும்.

லலிதாவுக்கு அறிவு இருந்தது. உழைப்பும் இருந்தது. அதோடு வேறு மூன்றும் இருந்தன. ஒன்று, கல்லூரிக் கதவைத் தட்டித் திறந்து வைத்த தகப்பனார். இரண்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்ட குடும்பம். மூன்று, ராத்திரியில் வீட்டை விட்டுப் போக வேண்டாத வேலை.

இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் லலிதா என்ற என்ஜினீயர் கிடைத்திருக்க மாட்டார். அதே அறிவும் உழைப்பும் உள்ள எத்தனையோ பெண்கள், இந்த மூன்றும் இல்லாமல் அடுப்பங்கரையில் நின்று விட்டார்கள்.

பெண்ணுக்கு மூளை உண்டா என்ற கேள்வி 1943-லேயே தீர்ந்து போயிற்று. சமுதாயம் அவளுக்கு வழி விடுகிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி. கல்லூரியில் இன்று வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த என்ஜினீயரிங் கல்லூரிக்குப் போனாலும் பெண்களைக் காணலாம். தடை, படிப்புக்குப் பிறகுதான் வருகிறது.

ராத்திரி என்னும் சுவர்

காற்று ராத்திரியில் தூங்குவது இல்லை. மின்சாரமும் தூங்குவது இல்லை. ஆகவே என்ஜினீயரும் சில நாட்கள் விழித்திருக்க வேண்டும்.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களைக் காலை 6 மணியில் இருந்து மாலை 7 மணி வரைதான் வேலை வாங்கலாம் என்று சொன்னது. பெண்களின் பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் அது. நல்ல எண்ணம்தான். ஆனால் விளைவு என்ன? "ராத்திரி முறை பார்க்க முடியாத ஆளை எதற்கு எடுப்பது?" என்று முதலாளிகள் நினைத்தார்கள். காப்பாற்றப் போட்ட வேலி, வழியை மறிக்கும் வேலி ஆயிற்று.

இதை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டில் வழக்கு வந்தது. 2000-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு. அந்தத் தடை சம உரிமைக்கு விரோதமானது என்று கோர்ட்டு ரத்து செய்தது. ஆனால் சும்மா ரத்து செய்யவில்லை. ராத்திரி வேலை வாங்கும் முதலாளி, பெண்களுக்குப் பாதுகாப்பும் வாகன வசதியும் தர வேண்டும் என்று நிபந்தனைகளையும் விதித்தது.

2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும், பெண் சம்மதித்தால் ராத்திரி வேலை தரலாம் என்கிறது.

நிலக்கரிச் சுரங்கத்திலும் இதே கதைதான். 1952-ம் ஆண்டு சட்டப்படி பெண்கள் பூமிக்கு அடியில் இறங்கி வேலை செய்யக் கூடாது. 2019-ல் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. 2021-ல் ஜார்க்கண்டில் ஆகாங்ஷா குமாரி என்ற பெண் என்ஜினீயர், கோல் இந்தியாவின் நிலத்தடிச் சுரங்கத்தில் பணி ஏற்றார். அந்தக் கம்பெனியில் அப்படிப் பணி ஏற்ற முதல் பெண் என்ஜினீயர் அவரே.

ஆக, சட்டம் வழி விட்டு விட்டது. நடைமுறை வழி விட்டதா?

400 அடி உயரத்தில்

தென்காசிக் கோபுரம் சுமார் 180 அடி உயரம். புதிய காற்றாலைகளில் பலவற்றின் தூண் சுமார் 400 அடி. கோபுரத்தின் மேல் இன்னொரு கோபுரத்தை வைத்தாலும் எட்டாது! அவ்வளவு உயரத்தில் பெண் ஏறுவாளா?

ஏறுவாள். அந்த வேலைக்கு ஆண் என்றாலும் பெண் என்றாலும் பயிற்சி வேண்டும். இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு வார் கட்ட வேண்டும். ஏணியோடு அது இணைந்திருக்க வேண்டும். காற்று ஒரு அளவுக்கு மேல் வீசினால் யாரும் ஏறக் கூடாது. புதிய தூண்கள் பலவற்றில் சிறிய லிப்டும் இருக்கிறது. உடல் வலுவைவிட நிதானமும் விதியை மீறாத குணமும்தான் அங்கே உயிரைக் காக்கும்.

உண்மையான கஷ்டம் உச்சியில் இல்லை. கீழே இருக்கிறது!

காற்றாலைகள் ஊருக்கு வெளியே, பொட்டல் வெளியில் நிற்கின்றன. பஸ் போகாது. ஒரு எந்திரத்துக்கும் இன்னொரு எந்திரத்துக்கும் இடையே நெடுந்தூரம். ஆண் என்ஜினீயர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விடுவார். பெண்ணை அனுப்ப மேலதிகாரி தயங்குவார். அங்கே கழிப்பறையும் இருக்காது. ஆண்கள் கவலைப்படுவது இல்லை. பெண் என்ன செய்வாள்? காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். வெயிலில் அது நோயைக் கொண்டு வரும்.

தயங்கும் மேலதிகாரி என்ன செய்கிறார்? "நீ ஆபீசிலேயே இரு அம்மா" என்று மேஜை வேலை கொடுக்கிறார். பார்க்க அன்பாகத்தான் தெரியும். ஆனால் எந்திரத்தைத் தொட்டுப் பழகாத என்ஜினீயருக்குப் பதவி உயர்வு எப்படி வரும்? 10 வருடம் கழித்து, "களத்தில் அனுபவம் இல்லையே!" என்று அவளையே குறை சொல்வார்கள்.

அதற்குள் கல்யாணம் வந்து விடும். மாப்பிள்ளைக்கு வேலை பெங்களூரில் இருக்கும். காற்றாலையைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போக முடியுமா? வேலையை விட வேண்டியதுதான்.

குலத்தொழில் இல்லாத வேலை

"பெண்ணுக்குக் கஷ்டமான வேலை வேண்டாம்" என்று சொல்லும் ஊர் எது? தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டுத் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். காலையில் இருந்து ராத்திரி வரை குனிந்த தலை நிமிராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. புகையிலைத் தூள் மூக்கில் ஏறும். முதுகு வலிக்கும். அது நிழலில் செய்யும் வேலைதான். சுலபமான வேலையா?

பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைக் கட்டியது அந்த முறம்தான். அப்படி உழைத்து மகளைப் படிக்க வைத்த தாய், "கஷ்டமான வேலைக்குப் பெண் லாயக்கு இல்லை" என்பதை நம்ப வேண்டியது இல்லை. அவள் சரித்திரமே அதற்குப் பதில்.

ஆனால் ஒன்று. எலக்ட்ரிக்கல் படித்த எல்லோருக்கும் காற்றாலையில் உடனே வேலை காத்திருக்கிறது என்று சொன்னால் அது ஏமாற்று. பெற்றோர் உண்மையை அறிய வேண்டும்.

1990-களில் நட்ட எந்திரங்களில் பல 225, 250 கிலோவாட் சக்தி உள்ளவை. அவை கிழடாகி விட்டன. அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரிய எந்திரம் வைக்கத் தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. பழைய எந்திரம் 8, 10 சேர்ந்து தரும் சக்தியைப் புதிய எந்திரம் ஒன்றே தந்து விடும். மின்சாரம் கூடும். ஆனால் எந்திரத்தின் எண்ணிக்கை குறையும். காவலுக்கும் எண்ணெய் போடுவதற்கும் தேவைப்படும் ஆட்கள் குறைவார்கள்.

அதே சமயம் வேறு வேலை கூடும். புதிய எந்திரத்தில் நூற்றுக்கணக்கான உணர்கருவிகள் இருக்கின்றன. பல்சக்கரம் சூடாகிறதா, இறக்கை நடுங்குகிறதா என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைப் படித்து, எந்திரம் உடையும் முன்பே பழுதைக் கண்டுபிடிக்கும் என்ஜினீயர்கள் வேண்டும். சூரிய ஒளி மின்சாரமும் பாட்டரியும் இதோடு சேர்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கென்று பசுமை எரிசக்திக் கழகம் ஒன்று 2024-ல் தனியாக அமைக்கப்பட்டது.

கை வேலை குறைந்து, மூளை வேலை கூடும் காலம் இது. பெண்களுக்கு இது நல்ல நேரம். ஆனால் தயாராக இருப்பவர்களுக்குத்தான் நல்ல நேரம்.

செய்ய வேண்டியது என்ன?

பெற்றோர் செய்யக் கூடியது சில உண்டு. 10-ம் வகுப்பு முடித்த பெண், 3 ஆண்டு பாலிடெக்னிக் படித்து டிப்ளமா வாங்கலாம். பிறகு என்ஜினீயரிங் கல்லூரியில் நேராக 2-ம் ஆண்டில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத இடம் 2021-ல் இருந்து ஒதுக்கப்படுகிறது. அரசுப் பள்ளியில் படித்து மேல் படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசு உத்தியோகத்தில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு 1989-ல் வந்தது. அதை 40 ஆக உயர்த்துவதாக 2021-ல் அரசு அறிவித்தது. மின்வாரியத் தேர்வு எழுதும் பெண்கள் இதை எல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்குச் சேரும் போது சம்பளத்தை மட்டும் கேட்டால் போதாது. "களப் பயிற்சி தருவீர்களா? ராத்திரி முறை என்றால் வாகனம் உண்டா? வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா? வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா?" என்று கேட்க வேண்டும். கேட்பது வெட்கம் இல்லை. கோர்ட்டே சொன்ன விஷயம்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. கோடிக்கணக்கில் பணம் போட்டு எந்திரம் நடுகிறார்கள். அதன் அடியில் ஒரு கழிப்பறை கட்டினால் கம்பெனி கவிழ்ந்து விடாது. ஒரு பெண்ணைத் தனியாக எடுத்தால் லலிதாவுக்கு நேர்ந்த தனிமைதான் அவளுக்கும் நேரும். ஆகவே 2, 3 பேராக எடுக்க வேண்டும். சுப்பாராவ் 80 ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்த வழி அது!

குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. யாரோ ஒருவர் யோசித்து ஏற்பாடு செய்ததால், வயதான பாட்டியும் சின்னப் பெண்ணும் பயம் இல்லாமல் அருவியில் நிற்கிறார்கள். அருவி அதனால் குறைந்து போகவில்லை. மின்சாரத் தொழிலும் அப்படித்தான். சிறிய ஏற்பாடுகள் போதும். பெண்கள் தாமாக வருவார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மருமகள் என்ஜினீயர் என்று பெருமையாகப் பத்திரிகையில் போடுகிறார்கள். கல்யாணம் ஆனதும், "வேலையை விட்டுவிடு" என்கிறார்கள். 4 ஆண்டுப் படிப்பு பத்திரிகையில் அச்சடிப்பதற்காகவா? லலிதாவின் குழந்தையை அவருடைய அண்ணன் குடும்பம் பார்த்துக்கொண்டது. அதனால் நாட்டுக்கு ஒரு என்ஜினீயர் கிடைத்தார்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. புதிய மாவட்டத்துக்குப் புதிய தொழில் வேண்டும். தொழிலுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் காற்றை மலை அனுப்பி வைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் என்ஜினீயர்கள் வெளியூரில் இருந்துதான் வர வேண்டுமா? பீடி முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

"அது ஆம்பிளைகள் வேலை" என்று சொன்ன தகப்பனாருக்குப் பதில் இதுதான்: வேலைக்கு ஆண், பெண் என்பது இல்லை. வசதி செய்து கொடுத்தவர்களுக்கு அது வசமாகும். மகள் எலக்ட்ரிக்கல் படிக்க ஆசைப்பட்டால், தடுக்க வேண்டாம். விசாரித்து, நல்ல கல்லூரியில் சேர்த்து விடுங்கள்.